சரியான வரிசை

பல்லடத்தில் கறிக்கோழிப் பண்ணையில் காசு பார்த்தவர்கள் அடுத்துப் பள்ளிக்கூடம் கட்டுவார்கள். ஆறுச்சாமியும் கட்டினார். கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கும் முன்பே, ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் படம் போட்ட பிளெக்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது. அங்கே சமூக அறிவியல் நடத்திய லோகப்பிரியாவுக்குத் தற்காலிக வேலைதான். பெற்றோர் தினத்தில் அவள் வகுப்பைப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாக அவர் சொல்லியிருந்தார். கணவனுக்குத் தறியில் வேலை நின்றுபோன வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது.

லோகப்பிரியாவுக்கு ஒரு பைத்தியம். குடிதண்ணீர், ரோடு, ஆஸ்பத்திரி என்று பலகையில் எழுதிப்போட்டு, ஊருக்கு எது முதலில் வேண்டும், எது கடைசியில் என்று பிள்ளைகளை வரிசைப்படுத்தச் சொல்வாள். ஏன் என்றும் சொல்ல வேண்டும். சரியான விடை கிடையாது, சண்டை போட்டால்தான் மூளை வேலை செய்யும் என்பது அவள் கட்சி. வரிசை என்றதுமே ஆறுச்சாமிக்கு மனம் குளிர்ந்தது. பிள்ளைகளுக்கே ரேங்க் போடக் கற்றுத்தரும் டீச்சர் யாருக்குக் கிடைப்பார்?

அந்தப் பூரிப்பில், பெற்றோர் தினத்துக்கான கேள்வியை அவரே முன்கூட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். ஒரு பள்ளிக்கு எது முதலில் முக்கியம், எது கடைசியில்? விடையில்லாத கேள்வியை நம் பெற்றோர் சும்மா விடுவார்களா? டியூஷன் நடத்தும் பாலகோபாலிடம் ஓடினார்கள். அவர் சரியான வரிசையைக் காரணங்களோடு ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார்.

அன்று பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து ஒப்பித்தார்கள். முதலில் மார்க், பிறகு ஒழுக்கம், பஸ், கட்டடம், கடைசியில் விளையாட்டு. காரணங்களும் அச்சு மாறவில்லை. கைதட்டல் பலமாக இருந்தது.

வர்ஷினி மட்டும் விளையாட்டை முதலில் வைத்தாள்.

"கிரவுண்டு பூரா ஸ்கூல் பஸ் நிக்குதுங்க. நாங்க எங்கீங்க ஓடறது?"

அவளுடைய அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எது சரியான விடை என்று ஆறுச்சாமி டீச்சரைக் கேட்டார். சிரித்து மழுப்பியிருந்தால் வேலை நிலைத்திருக்கும். அவள் வாய் கேட்கவில்லை.

"யோசிச்சது வர்ஷினி மட்டுந்தானுங்க. மத்ததெல்லாம் மனப்பாடமுங்க."

மறுவாரம் ஆறுச்சாமி அவளை அழைத்து உட்காரவைத்து, டீ வரவழைத்தார். இனிச் சிந்தனைத் திறன் தனிப் பாடமாம், அதற்குத் தனிக் கட்டணமாம், பாலகோபால்தான் எடுப்பாராம். நிரந்தரமாக்க யோசித்த பெயர்களில் அவள் பெயர் கடைசிக்குப் போய்விட்டதாக மிகுந்த மரியாதையோடு சொன்னார். என்ன காரணம் என்று அவள் கேட்டாள்.

"காரணமெல்லாம் எதுக்குங்க டீச்சர்? அதான் வரிசை போட்டாச்சுங்களே."