கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்கள்

எனக்குக் காது கேட்காது என்பது என் குடும்பத்தில் எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. எனக்கும்தான். முப்பத்தாறு வருடம் நெசவு மில்லில் தறி ஓட்டியவனின் காது எப்படி இருக்குமோ அப்படித்தான் என் காதும் இருக்கிறது. மகன் வாங்கிக் கொடுத்த காது மெஷினை மாட்டினால் மிக்ஸி, குக்கர், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் ஒட்டுமொத்தமாக மண்டைக்குள் புகுந்துவிடுகின்றன. மனிதர்கள் பேசுவது மட்டும் புரிவதில்லை. அதனால் அதைப் பெட்டியோடு அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. இருநூறு தறி சேர்ந்து ஓடும் இடத்தில் காதை நம்பி யாரும் பிழைக்க முடியாது. பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். அதனால் வாயைப் பார்த்தே பேசப் பழகிக்கொண்டோம். மேஸ்திரியைத் திட்டுவதும், கடைசித் தறிக்காரனிடம் அவன் வீட்டுச் சண்டையை விசாரிப்பதும் சத்தமே இல்லாமல் நடக்கும். என் மனைவி அதே மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தாள். அவளிடம் கல்யாணப் பேச்சை நான் எடுத்தது நாற்பதடி தூரத்திலிருந்து, வாயை மட்டும் அசைத்து. "ஆகட்டும், மொதல்ல அங்க அறுந்து கெடக்கற நூலப் பாருங்க" என்று அவளும் அதே மாதிரி பதில் சொன்னாள்.

மில்லுக்கு வெளியே கதை வேறு. காது மந்தமானவனுக்குக் குரல் தானாக ஏறிவிடும். ஷிப்டு முடிந்தால் ஊதுவார்களே, அந்தச் சங்கின் பெயரைத்தான் எனக்கு வைத்திருந்தார்கள். வீட்டிலும் சங்கு ஓயவில்லை. தண்ணீர் எங்கே, சட்டை எங்கே, மூக்குக்கண்ணாடியை யார் எடுத்தது என்று காலையிலிருந்து ஊதிக்கொண்டே இருப்பேன். சாப்பாட்டு மேசையில் மனைவி எதிரே உட்கார்ந்து, "கொஞ்சம் சும்மா இருங்க" என்று வாயசைப்பாள். அம்மாவுக்குப் பல்லில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்தபடியே பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தாள். வேறு ஊரில் இருக்கிறாள், மூத்தவள். இரண்டு வயதில் ஒரு குழந்தை. நான் ஹாலில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். அக்காவும் தம்பியும் பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்கள். அப்பாவுக்குக் கேட்கக் கூடாதாம். என்ன ஜாக்கிரதை!

"அம்மாவ நான் கூட்டிட்டுப் போயிடறேன். அப்பா உங்கூட இருக்கட்டும்" என்றாள் மகள்.

"எத்தன நாளைக்கு?"

"ஆறு மாசம் பாப்போம். சரியா வந்தா அங்கேயே இருந்துடட்டும்."

"அப்பாகிட்ட யாரு சொல்றது?"

"நீதான்."

"நானா? அவரு கத்துற கத்துல மொத்த பில்டிங்கும் கூடிடும்க்கா."

நாற்பத்தொரு வருடம் சேர்ந்து இருந்தவர்களை, கட்டில் உனக்கு பீரோ எனக்கு என்பதுபோல ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்கிறார்கள். இது யார் வேலை என்று நான் யோசிக்கவே இல்லை. மருமகள் வேலைதான். இந்த வீட்டில் தண்ணீர் வராவிட்டால்கூட அவளைக் காரணமாக்குவது எனக்கு வழக்கம்.

மதியம் சாப்பிட உட்கார்ந்ததும் வெடித்தேன்.

"எங்க ரெண்டு பேரையும் பிரிக்கறதுக்குத் திட்டம் போட்டாச்சா? எல்லாம் இந்தம்மா சொல்லிக் குடுத்ததுதானே?"

மருமகள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். "மாமா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். இவருக்கு எப்படித் தெரிந்தது என்று மகனும் மகளும் பேந்தப் பேந்த விழித்தார்கள்.

மனைவி தட்டிலிருந்து கையை எடுத்தாள். "அவள விடுங்க. நான்தான் கேட்டேன்."

மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு வாய் தெரிந்துவிட்டது.

"நீயா? எப்போ?"

"போன தடவ இவ வந்தப்போ. சமையலறையில."

அன்று நானும் அந்தச் சமையலறை வாசலில்தான் நின்றிருந்தேன், காபி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு. அவள் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தபடி எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அந்த முதுகுக்கு அந்தப்பக்கம் சொல்லியிருக்கிறாள். மற்றவர்கள் என்னிடம் ஒன்றை மறைக்கக் கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது; இவள் திரும்பி நின்றால் போதும். இப்படி எத்தனை தடவை திரும்பி நின்றாளோ.

"நான் ஒனக்கு என்ன கொற வெச்சேன்?"

"கொறையெல்லாம் ஒண்ணுமில்லங்க. மில்லுல அத்தன வருஷம் தறிச் சத்தம். வீட்டுல ஒங்க சத்தம். கொஞ்ச நாள் என் காது சும்மா இருக்கட்டும்."

"அங்க ரெண்டு வயசுக் கொழந்த இருக்கே, அது கத்தாதா?"

"கத்தும். ஆனா தூங்கும்."

மகன் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தான், புரையேறிவிட்டது. மருமகள் அவன் தலையில் தட்டினாள். தட்டிய வேகத்தைப் பார்த்தால் எனக்குச் சேர வேண்டியதும் அதில் இருந்தது.

அடுத்த நான்கு நாள் நான் யாரோடும் பேசவில்லை. என் மௌனத்தைத் தாங்க முடியாமல் மனைவி வாடிப்போவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நான்கு நாளும் நன்றாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை காலை மருமகன் காரோடு வந்தார். எல்லோரும் கீழே இறங்கினோம். பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணாடி ஏற்றியிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அவள் போய், அங்கே நிம்மதியாக இருந்து, திரும்பி வராமலே போய்விட்டால்? அதை மகன், மருமகள், வாட்ச்மேன் எல்லோர் முன்னாலும் எப்படிச் சொல்வது? வாயை மட்டும் அசைத்தேன்.

"போகாத. நீ இல்லாம என்னால முடியாது."

அவள் முழுவதையும் வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதே மாதிரி பதில் வரும் என்று அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ கண்ணாடியை இறக்கினாள்.

"சத்தமா சொல்லுங்க" என்றாள். அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் பார்த்ததில்லை. "சட்டையக் காணோம்னாகூட ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லுவீங்கல்ல? இதையும் சொல்லுங்க. எறங்கிடறேன்."

"அப்பா என்னம்மா சொன்னாரு?" என்று மகள் கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி திறந்தேன்.

"பிரஷர் மாத்திரைய எடுத்துக்கிட்டியா?" என்று வாட்ச்மேன் திடுக்கிட்டுத் திரும்பும்படி கேட்டேன்.

"எடுத்துக்கிட்டேன்" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.