ஏணியில் வந்த ரொட்டி

ஹார்மினா பெரியம்மா என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. வெஸ்ஸலிங்க் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்கும் டெர்க் வீட்டுக்கும் நடுவே ஒரு உருளைக்கிழங்குக் கொல்லைதான். அதனால் டெர்க் வீட்டுக்கு அவள்தான் முதல் அயல்காரி. எங்கள் ட்வெந்தே பக்கம் அது சொந்தத்தைவிடப் பெரிய கடமை. பிள்ளை பிறந்தாலும் சாவு விழுந்தாலும் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியவள் அவளே. வாய்தான் கொஞ்சம் நீளம். ஆனால் ஒரு வீட்டிலும் அவளை இரண்டாம் தடவை கூப்பிட வேண்டியிருந்ததில்லை.

போருக்கு முந்திய ஒரு பிப்ரவரியில் டெர்க்கின் மனைவி யென்னிகனுக்குப் பெண் பிறந்தது. வெகுநாள் காத்திருந்து பிறந்த பிள்ளை. பெரியம்மா மரச்செருப்போடு பனியில் நடந்து எல்லா வாசலிலும் சொன்னாள். திராட்சை ரொட்டிக்கும் சொல்லிவிட்டாள். பிள்ளை பிறந்த வீட்டுக்கு அயலார் கொண்டுபோவதற்காக ஆள் நீளத்துக்குச் சுடும் ரொட்டி அது. ஏணியில் வைத்துத்தான் தூக்க வேண்டும். தூக்கி வரும் ஆண்கள் கனம் தாங்காதவர்கள்போல் முக்கி முனகித் தள்ளாடுவார்கள். பிள்ளை பெற்றவள் படுக்கையில் கிடந்தபடி அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

மறுநாள் விடியலில் குழந்தை இறந்துவிட்டது. கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பெரியம்மா அதே வாசல்களுக்கு மறுபடி போனாள்.

ரொட்டியோ வெந்து தயாராக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அயலார் ரொட்டிக்கடையில் கூடி நின்றார்கள்.

"சாவு வீட்டுக்கு ஏணியில ரொட்டியா? டெர்க் நாய அவுத்து விட்டுருவான்" என்றார் பெரெண்ட் பெரியப்பா.

"உன்னக் கடிச்சா பாவம், அந்த நாய்க்குத்தான் சீக்கு வரும்" என்றாள் பெரியம்மா. "இருங்க. அவளையே கேட்டுட்டு வரேன்."

யென்னிகன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ரொட்டி வெந்துருச்சுடி. கொண்டு வரவா, வேண்டாமா?"

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஸ்டீனா பெத்தப்ப அவளுக்கு வந்துச்சு. ஹெண்ட்ரிகாவுக்கு வந்துச்சு. நானுந்தானக்கா பெத்தேன்?"

பெரியம்மா திரும்பிப் போய், ஏணியின் முன்கட்டையைத் தானே பிடித்துக்கொண்டாள். "தூக்குங்க" என்றாள்.

யாரும் முனகவில்லை, தள்ளாடவில்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தார்கள். டெர்க் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். சன்னலோரம் தொட்டில் இருந்த இடத்தில் சின்னப் பெட்டி இருந்தது. ஏணியைக் கட்டிலருகே சத்தமில்லாமல் இறக்கினார்கள்.

யென்னிகன் ரொட்டியைப் பார்த்தாள். பிறகு பெரியப்பாவைப் பார்த்தாள்.

"கனமா இல்லியா, பெரெண்ட் அண்ணே?"

பெரியப்பா குனிந்து ஏணியைப் பார்த்தார். பெரியம்மா அவர் விலாவில் முழங்கையால் இடித்தாள்.

"கனந்தாம்மா" என்றார் அவர். "வழியெல்லாம் முதுகு ஒடிஞ்சு போச்சு. இப்படி ஒரு கனத்த நாங்க தூக்கினதே இல்ல."

யென்னிகன் தலையசைத்தாள். பெரியம்மா கத்தியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். முதல் துண்டைத் தாய்தான் வெட்ட வேண்டும்.

மறுநாள் கல்லறைக்குப் போன வண்டியில் அந்தச் சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனதும் பெரியம்மாதான்.