மாப்பிள்ளையின் லாக்கர்

ஜீப் மெக்கானிக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் தங்கை புருஷனிடம் அதைக் காட்டினால் தங்கை வீட்டில் அடுப்பெரியாது. அந்த மாப்பிள்ளையோ சேற்றைக் கண்டாலே பேன்ட்டைத் தூக்கிப் பிடிப்பவர். ஆனாலும் ஒற்றைக்காலில் நின்று, தம் ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் பின் அச்சில் லாக்கர் பொருத்திக்கொண்டார். சேற்றில் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துச் சுழற்றும் சாதனம் அது. தார் ரோட்டில் அதைப் போட்டுத் திருப்பினால் அச்சு தாங்காது. இரண்டாம் முறையாக முறிந்தும் விட்டது. மெக்கானிக்கின் இன்னொரு ஞாயிறும் வண்டிக்கடியில் போயிற்று.

"காய்ஞ்ச ரோட்டுல அந்த சுவிட்ச தொடாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, மாப்பிள்ளை!"

"ஆசையா வாங்கினத சும்மா வச்சிருக்கவா மச்சான்? போட்டா வண்டி என்னமா கம்பீரமா நிக்குது!"

"அச்சு போனா நிக்கத்தான் செய்யும்."

பல்லைக் கடித்துக்கொண்டு மெக்கானிக் லாக்கர் ஒயரைக் கழற்றினார். சுவிட்சைப் போட்டால் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரியும்படி செய்து அனுப்பினார்.

மறுவாரம் மாப்பிள்ளை போனில் குதித்தார். "இப்பதான் மச்சான் லாக்கர் லாக்கரா வேலை செய்யுது! ஸ்டியரிங் வெண்ணெயா திரும்புது. முன் அச்சுக்கும் ஒண்ணு போட்டுடுங்க!"

மெக்கானிக் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"போட்டுடலாம். விளக்கு என்ன கலர்ல வேணும், மாப்பிள்ளை?"