இடது பக்க நம்பர் ஏறிக்கொண்டே போனது

அட்டுவம்பட்டியில் நான் சமையலும் துப்புரவும் பார்க்கும் ஹோம்ஸ்டேயில் போர்வைக்கு இரண்டு சட்டம் இருந்தது. பழைய முதலாளி காலத்தில், அலமாரியிலிருந்து போர்வை எடுத்தவரே காலையில் கொண்டுவந்து வைக்க வேண்டும். அவர் மருமகள் பொறுப்புக்கு வந்ததும், விருந்தினர் எதையும் தூக்கிச் சுமக்க வேண்டாம், பத்து மணிக்கு நானே போய் எடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. மாதக்கணக்கில் தங்குபவர்கள் பழைய சட்டப்படியே நடந்தார்கள். புதிதாய் வந்தவர்களுக்குப் புதுச் சட்டம். யார் எந்தச் சட்டம் என்று ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. ஆனால் தெரியாதவர்களிடம் வாய் திறப்பது எனக்கு வராத காரியம்.

அதனால் ஒரு நாள் இப்படி ஆனது. முதல் அறைக்காரர் பச்சைப் போர்வையை வெள்ளனே கொண்டுவந்து வைத்துவிட்டார். மருமகள் அதை, அன்று காலை வந்து இறங்கிய மூன்றாம் அறைக்காரருக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கு இரண்டும் தெரியாது. பத்து மணிக்குப் பச்சைப் போர்வையைத் தேடிப் போனேன். மூன்றாம் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது, கட்டிலில் போர்வை தெரிந்தது. உருவினேன். உள்ளே குரங்குக் குல்லாயோடு ஒரு மனிதர் படுத்திருந்தார். மன்னிப்புக் கேட்கவும் வாய் வராமல் போர்வையோடு ஓடிவந்துவிட்டேன். அது அதைவிடப் பெரிய தப்பு.

மாடி அறையில் தங்கியிருந்த மதுரைப் பெண் இதைப் படியில் நின்று பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு இங்கிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். ஒரு கம்ப்யூட்டர் மொழிக்கு வெளியிலிருந்து ஒட்டவைக்கும் எக்ஸ்டென்ஷன் எழுதுகிறாள் என்பது வரை எனக்குத் தெரியும்.

“பாட்டிம்மா, நான் மூணு வாரமா முட்டிக்கிட்டுக் கெடக்குற சோலியும் இதேதான்,” என்றபடி அடுப்பங்கரைக்கு வந்து உட்கார்ந்தாள். “ப்ரோக்ராம் ஓடுறதுக்கு மெமரில கொஞ்சம் எடம் வாங்கும். சோலி முடிஞ்சா திருப்பிக் குடுக்கணும். பழைய வெர்ஷன்ல நாமதான் குடுக்கணும். புது வெர்ஷன்ல அந்த மொழியே வந்து எடுத்துக்கிரும்.”

“அப்ப நீ சும்மா இருந்துற வேண்டியதுதான தாயி.”

“எங்க இருக்க? பழசு வச்சிருக்கவுகளும் இருக்காகளே. ஒரே எக்ஸ்டென்ஷன் ரெண்டுலயும் ஓடணும். புதுசுல நானும் போயிக் குடுத்தா ரெண்டு தடவ குடுத்ததாயிரும். அதுக்குள்ள அந்த எடத்துல வேற ஆளு இருப்பான்.”

“குல்லாப் போட்டுக்கிட்டு.”

“ஆமா, குல்லாப் போட்டுக்கிட்டு. ப்ரோக்ராம் அப்பவே செத்துரும். பழசுல குடுக்க மறந்தா எடமெல்லாம் தீந்து மெஷினே நின்னுரும். அதான், நீ பழசா புதுசான்னு அந்த மொழிகிட்டயே மொதல்ல கேட்டுக்கிறேன். உங்கள மாதிரி வெக்கப்பட்டா ஆகாது.”

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில், இரண்டிலும் ஓடுகிறது என்று அவள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமையே சென்னை ஆபீசுக்கு வந்து உட்கார வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. இங்கே தங்கியவர்கள் எல்லோரும் என்னைப் பேச வைத்தே தீருவது என்று வருவார்கள். ஒரு மணி நேரம் பேசாமல் என்னோடு உட்கார்ந்திருக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் அறையில் ஒரு கம்ப்யூட்டரைக் காட்டினாள். திரையில் இரண்டு பக்கம். இடது பக்கம் பழைய வெர்ஷன், வலது பக்கம் புதுசு. “பச்சையா இருந்தா சரி. செவப்பு எழுத்து வந்தா வெரசா கூப்பிடுங்க,” என்று சொல்லிவிட்டு, இன்னொரு கம்ப்யூட்டரோடு கீழே சாப்பாட்டு அறைக்குப் போனாள். சிக்னல் அங்கேதான் வரும்.

நான் பட்டாணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிவப்பு வரவே இல்லை. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ஒரு நம்பர் இருந்தது. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. வலது பக்க நம்பர் அசையாமல் நின்றது. இடது பக்கத்தில் ஒரு படி பட்டாணி உரித்தபோது நானூறு. இரண்டாம் படி முடிந்தபோது எழுநூறு. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நானூறைவிட எழுநூறு பெரிது என்பதற்கு அது போதும். பழசில் வாங்கிய இடம் திரும்பி வரவில்லை என்று புரிந்தது.

போய்ச் சொன்னால் இவள் சென்னைக்குப் போவாள். சொல்லாவிட்டால் எங்கோ யாருடைய மெஷினோ நிற்கும். அந்த யாரோ எனக்கு யார்? இன்னும் ஒரு கைப்பிடி உரித்தேன். நம்பர் ஏறிக்கொண்டே போனது.

டீ போட்டு எடுத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனேன். அவள் எதிரே திரையில் ஆறு முகம் இருந்தது. அத்தனை பேர் முன்னால் நான் எப்படிப் பேச? இடது பக்க நம்பர் ஏறுகிறது என்று காலண்டர் தாளில் பென்சிலால் எழுதி, டீ கிளாசுக்கு அடியில் வைத்துத் தட்டை நீட்டினேன்.

“ரெண்டு வெர்ஷன்லயும் சுத்தமா ஓடுது சார்,” என்று சொல்லிக்கொண்டே கிளாசை எடுத்தவள் தாளைப் படித்தாள். முகம் சுண்டிவிட்டது. தாளை மடித்துப் பையில் வைத்திருக்கலாம். அவள் வைக்கவில்லை.

“சார், தப்பாச் சொல்லிட்டேன். பழைய வெர்ஷன்ல மெமரி திரும்பி வரல.”

“யாரு பார்த்தது?”

அவள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிவிட்டாள். நான் டீத் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

“அம்மா, எவ்வளவு நேரத்துல ஏறுச்சு?” என்று மேனேஜர் கேட்டார்.

“ஒரு படி பட்டாணிக்கு முந்நூறுங்க,” என்றேன் தட்டுக்குப் பின்னாலிருந்து.

யாரோ சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. “பட்டாணி பெருசா, சிறுசாம்மா?”

“நடுத்தரமுங்க.”

அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். “நாங்க எல்லாரும் பச்சையப் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிருப்போம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுவியாம்மா?” என்று அவளிடம் கேட்டார்.

“பண்ணிருவேன் சார். திங்கக்கிழம?”

“சரியாச்சுன்னா நீ எதுக்கு இங்க வரணும்? நம்பரப் பாக்குற ஆளு அங்கல்ல இருக்கு.”

பாதியில் ஏதாவது தப்பு நேர்ந்தால் எக்ஸ்டென்ஷன் குறுக்கு வழியாகத் திரும்பி வருமாம். அந்த வழியில் வெர்ஷனைக் கேட்க மறந்திருந்தாள். ஒரே ஒரு வரி. நாலு மணிக்குச் சேர்த்தாள். பட்டாணி தீர்ந்துவிட்டதால் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். இரண்டு கிலோ நறுக்கும் வரை இடது பக்கம் ஒரே நம்பரில் நின்றது, ஏறவில்லை. இரவு எல்லா அறைக்கும் பீன்ஸ் பொரியல்தான். குல்லாக்காரர் மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவள் இன்னும் மாடியில்தான் இருக்கிறாள். போன வாரம் சுரத்தே இல்லாமல் கீழே இறங்கி வந்தாள். அந்த மொழிக்கு இன்னொரு வெர்ஷன் வரப்போகிறதாம்.

“அதுல யாரு திருப்பிக் குடுக்கணும்?” என்று கேட்டேன்.

“அவுகளே இன்னும் முடிவு பண்ணலையாம் பாட்டிம்மா. திரையில மூணு பக்கம் ஆயிரும்.”

“ஆகட்டும் தாயி,” என்றேன். “கேரட்டு இருக்கு.”