கையுறை போட்ட ஐந்து நாட்கள்

பார்சல் கிடங்கில் அவளை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டியை விரித்து, பொருளை வைத்து, காகிதம் திணித்து, டேப் ஒட்டி முடிக்க அவளுக்கு அரை நிமிடத்துக்குக் கொஞ்சம்தான் கூட ஆகும். மணிக்கு நூற்றுப்பத்துப் பெட்டி. மேற்பார்வையாளர் யாரைத் திட்டினாலும் கடைசியில் அவளைத்தான் கைகாட்டுவார். அதில் அவளுக்குப் பெருமை இல்லையென்று சொன்னால் அது பொய்.

ஒருநாள் அவர் ஒயர் தொங்கும் கையுறை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். திங்கட்கிழமையிலிருந்து ஐந்து நாள் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டுமாம். அவள் கை போகிற போக்கைப் பார்த்து இயந்திரக் கை ஒன்று கற்றுக்கொள்ளுமாம். அது வந்து சேரும்வரை, கையுறை காட்டுகிற வேகம்தான் எல்லா மேசைக்கும் அளவு. எட்டாதவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

எதிர் மேசைக்காரிக்கு மணிக்கட்டு வீங்கி ஆறு மாதமாகிறது. என்ன முக்கினாலும் எழுபதுக்கு மேல் போகாது. அவள் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது.

மின்னல் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். அங்கே அவள் கணவர், லேத் பட்டறையில் வேலை, தொழிற்சங்கத்துக்காரர். மாடியில் குடியிருக்கும் அவள் தம்பி சாஃப்ட்வேர் எழுதுகிறவன். மாமனும் மச்சானும் ஒன்பது வருடமாகச் சாப்பிட உட்கார்ந்தால் சண்டைதான்.

"யோசிக்கவே யோசிக்காத அக்கா," என்றான் தம்பி. "மெஷின் எவ்வளவு வேகமா வருதோ அவ்வளவு நல்லது. போட்டி கூடும், எல்லாம் மலிவாகும், கடைசில யாருக்கும் முதுகு ஒடியாது."

"மலிவாகி என்ன பண்றது மச்சான்? வேலை போனவன் எத வச்சு வாங்குவான்?" என்றார் கணவர். "ஆனா வேகமா வரட்டும்னுதான் நானும் சொல்றேன். முதலாளி அவன் குழிய அவனே தோண்டட்டும். அப்புறம் மெஷின் நம்ம கைக்கு வரும். நீ கையுறைய மாட்டு."

இருவரும் ஒத்துப்போனது அன்றுதான். மின்னலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அந்த நல்ல காலம் வர்ற வரைக்கும் எதிர் மேசைக்காரி என்ன பண்ணுவா?"

"அது கொஞ்ச நாள் கஷ்டம்தான்க்கா."

"அவளுக்கும் சேர்த்துத்தானே சொல்றேன்," என்றார் கணவர்.

"அவகிட்ட கேட்டீங்களா?"

தம்பி தண்ணீர் குடித்தான். இரண்டு பேரும் நல்லவர்கள்தான். அதுதான் அவளுக்கு எரிச்சல். கெட்டவர்களாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பாள்.

திங்கட்கிழமை கையுறையை மாட்டினாள். வாழ்க்கையில் முதல் முறையாக மெதுவாக வேலை செய்தாள். அது லேசுப்பட்ட காரியமில்லை. கை தானாக ஓடியது, இழுத்துப் பிடித்தாள். எதிர் மேசையைப் பார்த்துக்கொண்டே, அவள் காகிதம் திணித்தால் இவளும் காகிதம், அவள் டேப் எடுத்தால் இவளும் டேப்.

"என்னம்மா, ஏன் இவ்வளவு இழுக்குது?" என்றார் மேற்பார்வையாளர்.

"இத மாட்டினா இவ்வளவுதான் சார் வருது."

புதன் மதியம் தன் பக்கத்தில் பெட்டிகள் கூடியிருப்பதைக் கவனித்தாள். நிமிர்ந்தால், எதிர் மேசைக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு வேகவேகமாக ஒட்டுகிறாள். ஒட்டியதை யாரும் பார்க்காத நேரத்தில் இந்தப் பக்கம் தள்ளுகிறாள்.

"என்ன பண்ற?"

"உனக்கும் கை போயிடுச்சோன்னு நினைச்சேன். அந்தாளு கண்ணுல படறதுக்குள்ள நாலு பெட்டி ஏத்தி வச்சா..."

மின்னல் டேப்பைக் கீழே வைத்தாள். கையுறைக் கையாலேயே அந்த வீங்கிய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பைத்தியக்காரி, உன் வேகத்துக்குத்தான்டி நான் போறேன். இதுதான் எல்லாருக்கும் அளவு. நீ ஓடினா நான் எங்க போறது? மெதுவாப் போ."

எதிர் மேசைக்காரிக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் அழுதுவிட்டாள். இரண்டு பேரும் கையை விடவில்லை.

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார். "புதன்கிழமை நாப்பது செகண்ட் உங்க கை அசையவே இல்லையே?"

"ஒண்ணு நழுவப் பாத்துச்சு சார். பிடிச்சுக்கிட்டேன்."

அவர் தலையாட்டிவிட்டு அந்த நாற்பது வினாடியை அழித்தார்.

வீட்டில் மறுபடியும் ஒற்றுமை. வளர்ச்சியைக் கெடுத்தாய் என்றான் தம்பி. புரட்சியைத் தள்ளிப்போட்டாய் என்றார் கணவர். "எப்படியும் மெஷின் வரத்தான் போகுது," என்று இரண்டு பேரும் சொன்னார்கள். "வரட்டும்," என்றாள் அவள். "அவள வெளிய தள்ள என் கை வேணாம்."

அடுத்த திங்கள் காலை பலகையில், கையுறைக் கணக்குப்படி மணிக்கு எழுபது என்று எழுதியிருந்தார்கள். எதிர் மேசைக்காரி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு முதல் பெட்டியை எடுத்து, அவசரமில்லாமல் விரித்தாள்.