மேற்கு ஜன்னலுக்கு ஒரு மூங்கில் திரை

ஏழாயிரம்பண்ணை வள்ளித்தாய்க்குச் சாயங்கால வெயில் என்றாலே பயம். பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் அறை தீப்பிடித்தபோது அவள் கழுத்தும் இடது கையும் வெந்துபோயின. ஆறிய தழும்பில் வெயிலே படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாடகை வீட்டின் ஒரே ஜன்னலோ மேற்கே பார்த்தது. சேலையைக் கட்டிப் பார்த்தாள். வெயிலோடு காற்றும் நின்றுபோனது.

ஜன்னலை அளந்துகொண்டு சாத்தூருக்குப் போனாள். இருபுறமும் நாலு விரல் கூடுதலாக வைத்து மூங்கில் திரை கேட்டாள். விலை கட்டுப்படியானது. கடைக்காரர், "ஆள் வந்து மாட்டணும்னா தனிக் கூலிம்மா" என்று ஒரு தொகை சொன்னதும் திகைத்தாள்.

"திரையை விடக் கூலி கூட இருக்கே! நானே மாட்டிக்கிடுதேன்."

கணவன் பிரபாகரன் லாரியில் வடக்கே லோடு கொண்டு போயிருந்தான். சீசன் முடியாமல் திரும்பமாட்டான். சுவரில் இரண்டு ஓட்டை, இரண்டு கொக்கி, கொஞ்சம் கயிறு, அவ்வளவுதானே என்று கணக்குப் போட்டாள். டிரில் மிஷினைத் தெருமுனை எலக்ட்ரீசியன் வெள்ளைத்துரை இரவல் கொடுத்தார்.

ஸ்டூலில் ஏறி விசையை அழுத்தினாள். மிஷின் அலறியது. அதன் காற்றுத் துளைக்குள் நீலநிறப் பொறி பறந்தது.

எப்போது கீழே போட்டாள், எப்போது தெருவுக்கு ஓடினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கம்பெனியில் ஒரு உரசலுக்குத்தான் அத்தனையும் எரிந்தது. மூக்கில் மறுபடி வெடிமருந்து வாடை அடித்தது.

எதிர்வீட்டுப் பாண்டிச்செல்வி, அதே கம்பெனியில் கூட வேலை பார்த்தவள், ஓடிவந்தாள். அதற்குள் வள்ளித்தாய் வாசலில் இருந்த குடத்துத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள்.

"ஏக்கா, கரண்டு மிஷின்மேல தண்ணியவா ஊத்தப் போறீக? செத்துருவீகக்கா!"

குடம் கையிலிருந்து நழுவியது. வள்ளித்தாய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாண்டிச்செல்வி உள்ளே போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

"எனக்கும் அதைத் தொடப் பயமாத்தான் இருக்குக்கா. சொவத்துல எதுக்கு ஓட்டை போடணும்? ஜன்னல் நிலை மரந்தானே?"

மிஷினை அன்றே திருப்பிக் கொடுத்தார்கள். தச்சர் வீட்டில் கையால் திருகும் தமரு வாங்கிவந்து, நிலையின் மேல்சட்டத்தில் மாறி மாறித் துளைத்தார்கள். சத்தமில்லை, சூடில்லை. ஆனாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் வள்ளித்தாய் துளையைத் தொட்டுப் பார்த்தாள். கொக்கிகளைத் திருகித் திரையை மாட்டி முடிக்க மத்தியானம் தாண்டியது.

வெயில் திரும்பியது. திரைக்கு இந்தப்பக்கம் நிழல். வள்ளித்தாய் கட்டிலில் சாய்ந்தாள். காற்றில் திரை ஜன்னல் சட்டத்தில் மோதி 'டக்' என்றது. வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

மோதியது திரைதான் என்று கிட்டப்போய்ப் பார்த்தாள். பிறகு மீந்த கயிற்றால் திரையின் அடிப்பக்கத்தை ஜன்னல் கம்பியோடு இறுக்கிக் கட்டினாள். காற்று மட்டும் உள்ளே வந்தது. அதன்பின் படுத்தவள், விளக்கு வைக்கும் நேரம்வரை தூங்கினாள்.