அதிகாரியின் மடியில் விழுந்த கிளிப்

எழுபதுகளின் பிற்பகுதி. அப்போது ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். நான் ரவிக்கை தைப்பேன். என் கணவர் வேனில் காய்கறியும் வாழை இலையும் ஏற்றி சிராங்கூன் சாலைக் கடைகளுக்குப் போடுவார். திடீரென்று அவருக்குக் கண்பார்வை மங்கியது. இனி வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் லைசென்ஸ் எடுத்தால் வேன் ஓடும், இல்லையென்றால் விற்க வேண்டியதுதான். இரண்டு முறை டெஸ்டுக்குப் போனேன். இரண்டு முறையும் ஃபெயில், இரண்டு முறையும் அதே சீன அதிகாரி. சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கும் முகம். வீட்டுக்கு வந்து அவரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரின் கார் இரண்டே கதவுள்ள பழைய வண்டி. கைப்பிடியைச் சுற்றினால்தான் கண்ணாடி இறங்கும். ஒரு நாள் ஓட்டுகிற என் பக்கத்துக் கண்ணாடி சண்டித்தனம் செய்தது. அவர் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினார். கைப்பிடியைப் பிடித்திருந்த குட்டிக் கிளிப் தெறித்துச் சாக்கடை ஓரம் விழுந்தது. தேடி எடுத்தது நான்தான். கைப்பிடியின் உள்பல் தேய்ந்திருந்ததையும் அப்போதே பார்த்துவிட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்" என்று திரும்ப மாட்டிவிட்டார்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. தையல் மெஷினில் சிக்கிய பஞ்சை, ஒரு துணிக் கீற்றை உள்ளே விட்டு இப்படியும் அப்படியும் இழுத்துத்தான் எடுப்பேன். கிளிப்பையும் அப்படி எடுத்தால் என்ன? அடுத்த வகுப்பில் இடப்பக்கக் கதவில் செய்து பார்த்தேன். துணியில் மாட்டிக்கொண்டு சமர்த்தாக வெளியே வந்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா தங்கச்சி, நீ கார் ஓட்ட வந்தியா, கார பிரிக்க வந்தியா லா?"

மூன்றாவது டெஸ்ட். அதே அதிகாரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் கை சைகை காட்டச் சொன்னார். அதற்குக் கண்ணாடியை இறக்க வேண்டும். சுற்றினேன். கைப்பிடி மட்டும் வெறுமனே சுற்றுகிறது, கண்ணாடி அசையவே இல்லை! வண்டி சரியில்லை, வேறு தேதி வாங்கிக்கொள் என்று மலாயில் சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்தார். வேறு தேதி என்றால் இன்னும் எத்தனை மாதமோ! வேன் அதுவரை நிற்குமா?

"ஐந்து நிமிடம் கொடுங்கள்" என்று கெஞ்சினேன். கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

கைப்பையில் எப்போதும் துண்டுத் துணி இருக்கும். சிவப்புக் கீற்று ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் ஓடினேன். அந்தக் கதவின் கைப்பிடி அவர் முழங்காலை ஒட்டி இருந்தது. வெட்கம் பார்த்தால் முடியுமா? கதவைத் திறந்து, கைப்பிடிக்குப் பின்னால் துணியை விட்டு இரண்டு இழுப்பு இழுத்தேன். கிளிப் துள்ளிப் போய் அவர் மடியில் விழுந்தது. எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. ஒன்றும் சொல்லாமல் என் கையில் வைத்தார். என் பக்கத்துத் தேய்ந்த கைப்பிடியையும் அப்படியே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இதை மாட்டினேன். கண்ணாடி இறங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதன்பிறகு இருபது நிமிடம் ஓட்டினேன். இடம், வலம், நிறுத்து என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. திரும்பி வந்ததும் கையெழுத்துப் போட்டு, தாளை என்னிடம் நீட்டினார். பாஸ்! பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அதற்குப் பிறகுதான் கேட்டார், அந்தத் துணி வித்தை எப்படி என்று. அவர் கார்க் கதவும் ஒரு வருடமாக மக்கராம், நெம்பி நெம்பி இரண்டு கிளிப்பை உடைத்துவிட்டாராம். அங்கேயே அவரையே இழுக்க வைத்துக் காட்டினேன். கிளிப் வெளியே வந்ததும் பல் தெரியச் சிரித்தார். சிவப்புத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் மூச்சுவிடாமல் இதைச் சொன்னேன். "அப்பவே கேட்டிருக்கலாம்ல, பாவம், எவ்வளவு ஆசையா இருந்திருக்கும்!" என்றேன்.

என் கணவர் சொன்னார்: "அப்பவே கேட்டிருந்தா, நீ ஓட்டினதுக்குப் பாஸா, துணிக்குப் பாஸான்னு உனக்கே சந்தேகம் வந்திருக்கும்."

அந்த அதிகாரியைத் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்து கூசியது. அடுத்த வாரமே, கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, இலைக்கட்டுகளோடு வேனைக் கிளப்பினேன். எதையும் உடனே கேட்டுவிடத் துடிக்கும் இந்த நாக்கை இன்றும் நான் அடக்கிக்கொள்ளும்போதெல்லாம், கேட்க ஆசைப்பட்டும் இருபது நிமிடம் வாய் திறக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.